தீமை மாற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைப்பைப் பார்த்து ஆன்மிகம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது 'தீம்'. அதற்கு இரண்டாம் வேற்றுமை போட்டால் 'தீமை' என்றுதான் வருகிறது. நான் என்ன செய்ய?

பாளையங்கோட்டையில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், அப்புறம் சில வருஷமாக இணையதள வேலையும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்தாறு பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பத்தமடையில் பாய் விற்கும் வீட்டுப் பெண், அல்வாக் கடை அண்ணாச்சியின் மருமகன், ஊர்க்கோயிலுக்குத் தளம் போட ஆசைப்படும் ரிட்டயர்டு தமிழாசிரியர் என்று பலதரப்பட்ட ஆட்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீராவது மிச்சம் என்று உட்கார்ந்தேன்.

ஃபைல் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

தீம், டெம்ப்ளேட், பிளகின் எல்லாம் ஒண்ணுதானே அக்கா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக.

ஒன்று இல்லை. பத்தமடைப் பாய்க்கு முதலில் தறியில் பாவு நூல் கட்டுவார்கள், அப்புறம் கோரையைக் குறுக்கே கொடுத்து நெய்வார்கள். நீங்கள் எழுதும் பத்தி, போடும் படம், விலை எல்லாம் கோரை மாதிரி. அது டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில் தனியாக இருக்கிறது. தலைப்பு மேலே, படம் இடப்பக்கம், விலை கீழே என்று இடம் சொல்லும் பாவுதான் டெம்ப்ளேட். ஒரு தளத்துக்கு வேண்டிய டெம்ப்ளேட்டுகள், நிறம், எழுத்துரு எல்லாம் சேர்ந்த கட்டு தீம். ஆர்டர் வாங்குவது, படிவம் அனுப்புவது போன்ற வேலைகளைச் செய்வது பிளகின்.

வேர்ட்பிரஸ் மாதிரியே இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் அந்த முழுக் கட்டையுமே டெம்ப்ளேட் என்றுதான் சொல்வார்கள். பாதிக் குழப்பம் அங்கிருந்து வருகிறது.

வேர்ட்பிரஸ்தான் படிக்கணுமா? ஜூம்லா, ட்ருபால்னும் சொல்லுதாகளே.

மூன்றும் இலவசம், மூன்றும் ஜிபிஎல் உரிமத்தில் (எடுத்துத் திருத்தவும் நகல் கொடுக்கவும் அனுமதிக்கும் உரிமம்) வருபவை. ட்ருபால் 2001, வேர்ட்பிரஸ் 2003, ஜூம்லா 2005 என்று அடுத்தடுத்துப் பிறந்தவை. நம் பக்கத்துக் கடை, பள்ளி, கோயில் தளங்களுக்கு வேர்ட்பிரஸ் போதும். உதவி கேட்க ஆள் கிடைப்பதும் அதற்குத்தான். ஏற்கெனவே ஜூம்லாவில் இருக்கும் தளம் கைக்கு வந்தால் பயப்பட வேண்டாம். டெம்ப்ளேட்டின் 'எச்டிஎம்எல்' ஃபோல்டருக்குள் ஒரு நகல் வைத்து அதைத் திருத்தினால், மூல ஃபைலுக்குப் பதில் உங்கள் நகலை அது எடுத்துக்கொள்ளும். ஓவர்ரைடு என்பார்கள். ஒன்றில் கை பழகினால் மற்றதில் இடம்தான் தேட வேண்டியிருக்கும்.

இனி வருவதெல்லாம் வேர்ட்பிரஸை வைத்தே.

நான் பி.காம். கோடிங்கே தெரியாது. எனக்கு வருமா?

வரும். முதலில் எது தலைப்பு, எது பத்தி என்று குறிக்கும் எச்டிஎம்எல்லில் ஒரு பத்து டேக். அடுத்து தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்: நிறம், எழுத்தளவு, உள் இடைவெளி, வெளி இடைவெளி. இந்த நான்கை வைத்தே எங்களிடம் வரும் முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி எழுதத் தெரிய வேண்டாம், வாசிக்கத் தெரிந்தால் போதும். 'இங்கே தலைப்பை அச்சிடு' என்கிற வரி எது என்று அடையாளம் தெரிந்தால் அதை மேலே தூக்கிப் போடலாம், கீழே இறக்கலாம்.

எந்தத் தீம் எடுக்க? பிரெண்டு ஒருத்தன் காசு தீமை சும்மா தாரேங்கான்.

அந்த நண்பனிடம் வாங்காதீர்கள். ஜிபிஎல் என்பதால் நகல் கொடுப்பது சட்டப்படி சரியா தப்பா என்று வாதாடலாம். அது வேறு பஞ்சாயத்து. கை மாறி வந்த ஜிப் ஃபைலுக்குள் யார் எதைச் செருகினார்கள் என்று தெரியாது. ஒரு தடவை அப்படி வந்த தளத்தை நான் பிரித்துப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் வரும் ஃபுட்டரில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் சூதாட்ட லிங்குகள் வரிசையாக இருந்தன. கோயில் தளம் அது.

வேர்ட்பிரஸின் சொந்தத் தீம் பட்டியலில் இருப்பதை எடுங்கள். கடைசியாக எப்போது அப்டேட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். டெமோ படங்களின் அழகில் மயங்காதீர்கள். அந்தப் படங்களை எடுத்துவிட்டு உங்கள் கடை போட்டோவை வைத்துப் பார்த்தால்தான் சாயம் தெரியும்.

நேரா கடை சைட்டிலேயே மாத்திப் பாக்கலாமா?

தீபாவளிக்கு முந்தின வாரம் அல்வாக் கடையில் கிண்டிக்கொண்டிருக்கும் சட்டியில் புதுப் பக்குவம் பார்ப்பீர்களா? உங்கள் கணினியிலேயே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஏஎம்பிபி அல்லது லோக்கல் என்ற மென்பொருள் போதும், இணையம்கூட வேண்டாம். எதையும் நிறுவ முடியாத கணினி என்றால் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் பிரவுசருக்குள்ளேயே ஓடும். ஆனால் சேமிக்காமல் மூடினால் போய்விடும்.

பேக்கப் என்றால் இரண்டு: ஃபைல்கள் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று. ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்துவிட்டுப் பேக்கப் எடுத்தாச்சு என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கோரை இல்லாமல் பாவை மட்டும் சுருட்டி வைத்த கதைதான்.

பட்டன் நிறம் மட்டும் மாத்தணும். எங்கன போகணும்?

முதலில் உங்கள் தீம் எந்த ரகம் என்று பாருங்கள். 'தோற்றம்' மெனுவுக்குள் 'எடிட்டர்' இருந்தால் பிளாக் தீம். இது 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து பழக்கத்துக்கு வந்தது. 'எடிட்டர்' இல்லாமல் 'கஸ்டமைஸ்' மட்டும் இருந்தால் பழைய ரகம், கிளாசிக் என்பார்கள். இரண்டிலுமே நிறத்துக்கு என்று ஓர் இடம் இருக்கும். அங்கே வேலை முடிந்தால் சிஎஸ்எஸ் பக்கமே போகாதீர்கள்.

அங்கே முடியாதபோதுதான் அடுத்த வழி. அல்வாக் கடைத் தளத்தில் 'ஆர்டர் செய்ய' பட்டன் பச்சையாக இருந்தது; அண்ணாச்சிக்கு அல்வா நிறம் வேண்டும். பட்டன் மேல் வலது கிளிக், இன்ஸ்பெக்ட். ஓரத்தில் ஒரு பலகை திறக்கும். அதில் அந்தப் பட்டனைப் பிடித்து ஆளும் விதி தெரியும், நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சதுரத்தைத் தட்டி நிறத்தை இழுத்தால் பக்கத்தில் உடனே மாறும். மருமகனும் நானும் கால் மணி நேரம் இழுத்தோம். அல்வா நிறம் என்பது கருஞ்சிவப்பா, பழுப்பா என்பதில் அவர் வீட்டிலேயே ஒத்துப்போகவில்லை. இந்த மாற்றம் உங்கள் திரையில் மட்டும்தான், பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் போய்விடும். பிடித்த நிறம் வந்ததும் அந்த விதியை நகலெடுத்து 'அடிஷனல் சிஎஸ்எஸ்' பெட்டியில் ஒட்டுங்கள். கிளாசிக் தீமில் அது கஸ்டமைஸுக்குள் கடைசியில் இருக்கும். பிளாக் தீமில் எடிட்டரின் ஸ்டைல்ஸ் பகுதியில் மூன்று புள்ளி மெனுவுக்குள்.

சிஎஸ்எஸ் போட்டாச்சு. மாறவே மாட்டேங்குது, கம்ப்யூட்டர் கோளாறா?

கம்ப்யூட்டர் பாவம். கேஷ்தான் முதல் சந்தேகம். பிரவுசரில் ஒன்று, கேஷ் பிளகினில் ஒன்று, தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங்கில் ஒன்று என்று மூன்று இடத்தில் பழைய நகல் தேங்கி நிற்கும். அதையும் துடைத்துவிட்டு மாறவில்லை என்றால், மேலே எழுதிய ஏதோ ஒரு விதியில் } அடைப்பை மூடாமல் விட்டிருப்பீர்கள். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் செத்துப்போகும்.

இரண்டும் இல்லையா? முந்தின பதிலில் சொன்ன இன்ஸ்பெக்ட் பலகையைத் திறங்கள். உங்கள் விதி குறுக்கே கோடு அடித்துக் கிடந்தால், உங்களைவிடக் குறிப்பாக எழுதிய இன்னொரு விதி ஜெயித்திருக்கிறது என்று அர்த்தம். 'பட்டன்' என்பதைவிட 'ஃபுட்டருக்குள் இருக்கும் ஆர்டர் பட்டன்' என்பது குறிப்பானது. நீங்களும் அந்த அளவுக்குக் குறிப்பாக எழுதுங்கள். 'இம்பார்ட்டன்ட்' (!important) போட்டு அடக்குவது கடைசி ஆயுதம். ஒரு இடத்தில் போட்டால் அதை அடக்க இன்னொரு இடத்தில் போட வேண்டி வரும்.

தீமை அப்டேட் பண்ணினதும் நான் செஞ்சதெல்லாம் அழிஞ்சு போச்சுல்லா. ஏன்?

தீமின் ஃபைலுக்குள்ளேயே போய்த் திருத்தியிருப்பீர்கள். அப்டேட் என்றால் பழைய ஃபோல்டரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைப்பது. தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அப்பளக் கம்பெனிக்கு மூன்று நாள் உட்கார்ந்து பக்கத்தின் தலையில் வரும் ஹெடரைச் செதுக்கினேன். நாலாம் நாள் அவர்களே 'அப்டேட்' என்று மின்னியதைத் தட்டிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அப்டேட் செய்யத்தான் வேண்டும்.

இதற்குத்தான் சைல்ட் தீம். தீம்ஸ் ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர். அதற்குள் ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்று ஒரு ஃபைல், அதன் தலையில் இரண்டு வரி: உங்கள் தீமின் பெயர், 'டெம்ப்ளேட்' என்று போட்டுத் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயர். திரையில் தெரியும் பெயரைப் போடக் கூடாது, ஃபோல்டர் பெயரை எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். இங்கேதான் பத்துக்கு எட்டுப் பேர் வழுக்குகிறார்கள். அப்புறம் தாயிடமிருந்து எந்த ஃபைலை மாற்ற வேண்டுமோ அதை மட்டும் நகலெடுத்து இங்கே வைத்துத் திருத்துங்கள். பிள்ளையிடம் ஃபைல் இருந்தால் அது, இல்லையென்றால் தாயுடையது.

ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி மட்டும் விதிவிலக்கு. அங்கே இரண்டுமே ஓடும், அதிலும் பிள்ளையுடையது முதலில். தாயின் ஃபைலை அப்படியே நகலெடுத்து வைத்தால் ஒரே வேலை இரண்டு தடவை அறிவிக்கப்பட்டுத் தளம் நின்றுவிடும். வெறும் ஃபைலில் தொடங்கி வேண்டியதை மட்டும் எழுதுங்கள்.

நிறம், அளவு மட்டும் மாற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. அடிஷனல் சிஎஸ்எஸ் பெட்டியில் எழுதியது டேட்டாபேஸில் இருக்கிறது, அப்டேட் அதைத் தொடாது.

சரின்னு சைல்ட் தீமை ஆன் பண்ணினேன். லோகோவக் காணோம், சிஎஸ்எஸ்ஸையும் காணோம்!

அழியவில்லை. கஸ்டமைஸில் செய்த லோகோ, நிறம், அடிஷனல் சிஎஸ்எஸ் எல்லாம் தீம் வாரியாகச் சேமிக்கப்படும். சைல்ட் தீம் வேர்ட்பிரஸின் கணக்கில் வேறு தீம். தாய்க்குத் திரும்பிப் போனால் எல்லாம் அப்படியே இருக்கும். சிஎஸ்எஸ்ஸை நகலெடுத்துக்கொண்டு வந்து ஒட்டுங்கள், லோகோவை மறுபடி வையுங்கள். அதனால்தான் சைல்ட் தீமை வேலையின் முதல் நாளே போட்டுவிடச் சொல்கிறேன்.

எந்த ஃபைலைத் திருத்தணும்னு எப்படித் தெரியும்? இருபது ஃபைல் கிடக்கு.

கிளாசிக் தீமில் ஒரு வரிசை உண்டு. 'பாய்' என்ற வகைக்கான பக்கத்தை யாராவது திறந்தால், அந்த வகைக்கென்றே ஃபைல் இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் முதலில் பார்க்கும். இல்லையென்றால் கேட்டகரி.பிஎச்பி, அதுவும் இல்லையென்றால் ஆர்க்கைவ்.பிஎச்பி, கடைசிப் புகலிடம் இண்டெக்ஸ்.பிஎச்பி. தனிப் பதிவுக்கு சிங்கிள்.பிஎச்பி, நிலையான பக்கத்துக்கு பேஜ்.பிஎச்பி. பட்டுப்பாய்க்கு மட்டும் தனித் தோற்றம் வேண்டும் என்று பத்தமடைப் பெண் கேட்டபோது, கேட்டகரி ஃபைலை நகலெடுத்து அந்த வகையின் பெயரை ஒட்டினோம், அவ்வளவுதான்.

ஒரு வரிதான் மாத்தினேன். சைட்டே வெள்ளையா போச்சு. ஐயோ!

தண்ணீர் குடியுங்கள். பெரும்பாலும் வரி முடிவில் ஒரு அரைப்புள்ளியை (;) விட்டிருப்பீர்கள், அல்லது வேர்ட் ஃபைலிலிருந்து கோடை ஒட்டியபோது நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். பிஎச்பிக்கு வளைந்தது புரியாது.

2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி நின்றால் அட்மின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு லிங்க் வரும். அது வரவில்லை என்றால் ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பலகையான சிபேனலில் ஃபைல் மேனேஜரைத் திறந்து அந்த வரியைச் சரிசெய்யுங்கள். எந்த வரி என்றே தெரியவில்லை என்றால் தீம் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, நிர்வாகப் பக்கத்தில் தீம் பட்டியலுக்குப் போங்கள். வேர்ட்பிரஸ் தன் இயல்பான தீமுக்கு இறங்கி வந்துவிடும். சிபேனல் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இப்போது தேடாதீர்கள், வேலை தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஏம்மா, இங்கிலீசுல அழகா இருந்த டிசைன் தமிழ் போட்டதும் அசிங்கமாயிட்டே?

ஆசிரியர் ஐயா கேட்ட கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். பல தீம்களில் வரும் எழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. அப்போது பிரவுசர் கணினியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்: விண்டோஸில் நிர்மலா, பழைய கணினியில் லதா, போனில் வேறு. அதனால்தான் உங்கள் வீட்டில் ஒரு மாதிரி, என் கடையில் ஒரு மாதிரி. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றைச் சேர்த்து அதன் பெயரைச் சொல்லிவிடுங்கள். மீரா இனிமை, பவனம் இரண்டும் அழகு; ஆனால் ஒரே ஒரு தடிமனில்தான் வருகின்றன. தலைப்புக்குப் போட்டால் பிரவுசர் தானாகத் தடிமனாக்கி, ணகரத்தின் சுழிகளை மை ஊறிய மாதிரி அடைத்துவிடும்.

அடுத்தது வரி உயரம். ஆங்கிலத்துக்கு 1.5 வைத்திருப்பார்கள். தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் முட்டிக்கொள்ளும், 1.7 அல்லது 1.8 வையுங்கள். தலைப்புகளில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் 'அ ல் வா' என்று உதிர்ந்து நிற்கும். சாய்வெழுத்தையும் எடுத்துவிடலாம். இருபக்கமும் சமமாக்கும் ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். நம் சொற்கள் நீளம், நடுவில் ஓடை ஓடும்.

பழைய ஸ்தல வரலாறு பேஜ்மேக்கர்ல இருக்கு. ஒட்டினா இங்கிலீஷ் கிறுக்கலா வருது.

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருப்பார்கள். எழுத்துரு போனால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யுனிகோடு மாற்றியில் போட்டு மாற்றி, பிறகு ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள். கொம்பு இடம் மாறியிருக்கும், மேற்கோள்கள் வேறு எழுத்தாகியிருக்கும்.

கிறுக்கலுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் அது வேறு நோய். டேட்டாபேஸ் தமிழ் ஏற்கும் எழுத்துமுறையில் இல்லை. சேமிக்கும்போதே கேள்விக்குறியாகிவிட்டால் மூலம் திரும்பக் கிடைக்காது. முதல் பக்கத்தைச் சேமித்ததும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

'ரீட் மோர்'னு இங்கிலீசுல வருதே, அதத் தமிழாக்க ஃபைலைத் திருத்தணுமா?

வேண்டாம். பொது அமைப்புகளில் தள மொழியைத் தமிழ் என்று மாற்றினால் தேதி, மாதம் முதற்கொண்டு நிறையத் தமிழாகும். மிச்சத்துக்கு லோகோ டிரான்ஸ்லேட் (Loco Translate; கடை லோகோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) என்ற பிளகின். 'மேலும் வாசிக்க' என்பதா, 'தொடர்ச்சி' என்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம். மெனுவுக்குச் சின்னச் சொல்லாகப் பாருங்கள். 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று போட்டால் மெனு இரண்டு வரியாக மடியும், 'தொடர்புக்கு' போதும்.

பக்க முகவரியைத் தமிழ்ல வெச்சேன். வாட்ஸ்அப்ல அனுப்பினா ஒரே % மயமா இருக்கு.

'திருநெல்வேலி' கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோடில் 12 குறிகள். முகவரியாக மாறும்போது குறி ஒன்றுக்கு ஒன்பது எழுத்து, ஆக 108. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்குக் கொடுப்பது மொத்தம் 200. 'திருநெல்வேலி அல்வா கடை' 182இல் தப்பித்துவிடும். அதோடு 'விலை' சேர்த்தால் 'வ' என்ற ஒற்றை எழுத்தோடு அறுந்து நிற்கும். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழாசிரியருக்கு இதில் இன்னும் என்மேல் வருத்தம்தான்.

போன்ல பாத்தா பக்கம் வலப்பக்கமா இழுக்குது.

ஏதோ ஒன்று திரையைவிட அகலமாக இருக்கிறது. நிலையான அகலம் கொடுத்த படம், விலைப்பட்டியல், அல்லது 'பாளையங்கோட்டையிலிருந்து' மாதிரி பெரிய எழுத்தில் தலைப்பாக வந்த ஒரே சொல். படத்துக்கு அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று வையுங்கள், பட்டியலைத் தனியாக நகரும் பெட்டிக்குள் போடுங்கள், தலைப்பின் அளவைப் போனில் குறையுங்கள்.

பிளாக் தீம்ல டெம்ப்ளேட் ஃபைலைத் திருத்தி ஏத்திட்டேன், கேஷும் துடைச்சாச்சு. அப்பவும் பழசுதான் வருது!

இதில் நானே ஒரு ராத்திரி முழுக்க மண்டை காய்ந்தேன். அந்த டெம்ப்ளேட்டை முன்பு எப்போதாவது எடிட்டருக்குள் திறந்து ஒரு புள்ளி மாற்றிச் சேமித்திருப்பீர்கள். சேமித்த அந்த நிமிடமே அதன் நகல் டேட்டாபேஸில் உட்கார்ந்துவிடும். அதன்பின் வேர்ட்பிரஸ் அதைத்தான் எடுக்கும், ஃபைலைத் திரும்பிப் பார்க்காது. எடிட்டரில் டெம்ப்ளேட் பட்டியலுக்குப் போய் ரீசெட் கொடுத்தால் ஃபைலில் உள்ளது வரும். ஆனால் எடிட்டரில் செய்தது போய்விடும், நகலெடுத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு தளத்தில் இரண்டு பேர் வேலை செய்தால், எடிட்டர் வழியா ஃபைல் வழியா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஃபுட்டர்ல தீம் செஞ்சவர் பேரை எடுத்தா தப்பா?

ஜிபிஎல் தீமில் எடுக்கலாம். ஃபைலுக்குள் இருக்கும் காப்புரிமைக் குறிப்பை மட்டும் விட்டுவையுங்கள். எடுப்பதைச் சைல்ட் தீமில் செய்யுங்கள், காரணம் மேலே அப்பளக் கதையில்.

வேலை முடிஞ்சு கடைக்காரர்ட்ட என்னென்ன குடுக்கணும்?

டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் வைத்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்புதான். அவருக்கு அட்மின் கணக்கு, கடைப் பையனுக்கு 'எடிட்டர்' கணக்கு (தோற்றம் மெனுவில் பார்த்த எடிட்டர் வேறு, இது ஆளுக்குத் தரும் பொறுப்பின் பெயர்). அந்தக் கணக்கில் படமும் விலையும் மாற்றலாம், தீம் பக்கம் போக முடியாது. கூடவே ஒரு தாளில் எது எங்கே மாற்றப்பட்டது என்று எழுதிக் கொடுங்கள்: பட்டன் நிறம் அடிஷனல் சிஎஸ்எஸ்ஸில், ஹெடர் சைல்ட் தீமில், முகப்பு எடிட்டரில் என்று.

அல்வாக் கடை அண்ணாச்சி அந்தத் தாளை லேமினேட் பண்ணிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார், கடவுச்சொல்லையும் கீழே எழுதி. அதைக் கழற்றச் சொல்லத்தான் இந்த வாரம் ஜங்ஷன் பக்கம் போக வேண்டும்.